தலை இடிக்கும் வாசல்

முசே அருளப்பாவின் வீட்டில் ஒயின் அறையைக் கட்டி முடித்து, உளிகளைத் துடைத்துப் பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி நடைக்கு வலது காலை எடுத்து வைத்தபோது, சிகாமணி ஆசாரியின் அந்தக் கால் நடையில் ஊன்றாமல் அதே அறைக்குள் வந்து ஊன்றியது. பின்னாலேயே இடது காலும் வந்தது. திரும்பிப் பார்த்தான், நடை முதுகுக்குப் பின்னால் இருந்தது. நடையில் துணி மடித்துக்கொண்டிருந்த முசேயின் மனைவி மதாம் செசீல், ஆசாரி வெளியே வந்ததையும் வந்த வேகத்திலேயே உள்ளே போனதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எதையாவது மறந்துவிட்டாயா சிகாமணி என்று கேட்டாள், கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

மறந்திருப்போம் என்றுதான் அவனும் நினைத்தான். பென்சிலைத் தேடினான், காதில் இருந்தது. டேப்பைத் தேடினான், இடுப்பில் இருந்தது. சரி என்று மறுபடி வெளியே போனான், மறுபடி உள்ளே வந்தான். இடது காலை முன்னால் வைத்துப் பார்த்தான், பின்பக்கமாக நடந்து பார்த்தான், கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே பாய்ந்து பார்த்தான், பாய்ந்த வேகத்தில் எதிர்ச்சுவர்த் தட்டில் மோதி நெஞ்சு வலித்ததுதான் மிச்சம். மற்ற எல்லோருக்கும் அது வாசலாகத்தான் இருந்தது. அவனுக்கு மட்டும் உள்ளேயிருந்து உள்ளே போகிற வழியாக இருந்தது.

இது எப்படி வந்தது என்று கேட்டால் முசேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் ஆண்களை முசே என்றும் பெண்களை மதாம் என்றும்தான் தெருவே கூப்பிடும். முசே அருளப்பாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். இவர் பிரான்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கால்வாய்க்கு இந்தப்புறம், தமிழர் தெருக்களில் இருந்த பூர்வீக வீட்டுக்குத் திரும்பியவர். ஆள் அநியாய நெட்டை, மாதாகோயிலில் மண்டியிட்டு ஜெபம் செய்தாலும் பின்னால் இருப்பவருக்குப் பீடம் மறைக்கும். அங்கே இருந்த காலமெல்லாம் ஆசையாகச் சேர்த்த ஒயின் பாட்டில்களை மரப்பெட்டிகளில் அடுக்கிக் கப்பலில் ஏற்றியிருந்தார். நம் ஊர் வெயிலில் ஒயின் கெட்டுப்போகும், வெளிச்சம் பட்டாலும் கெடும், நிற்க வைத்தால் கார்க் காய்ந்து காற்றுப் புகும். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வதுபோல இருட்டில் படுக்க வைத்துத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக வீட்டின் பின்கட்டில் இருந்த பழைய சாமான் அறைக்குள், நாலு சுவரும் கூரையும் மரமாக, குளிரூட்டி வைத்த ஒயின் அறை ஒன்று வேண்டும் என்று சிகாமணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, கண் அறுவைக்காகத் திரும்பவும் பிரான்சுக்குப் பறந்துவிட்டார்.

சிகாமணியின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டில், மேசை, அலமாரிக்கெல்லாம் டேப் போதும். ஆனால் நிலை வைத்து வாசல் வைக்கிற எதுவானாலும், வீடானாலும் மாட்டுக் கொட்டகையானாலும், வேலை தொடங்குமுன் உரியவரைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்து, வலது கையை நீட்டச் சொல்லி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு ரீப்பர்க் குச்சியை வெட்டி எடுத்துக்கொள்வார்கள். அந்த வேலைக்கு அதுதான் கோல். உயரமும் அகலமும் அந்தக் கோலின் கணக்கில்தான் போகும், வேலை முடிந்ததும் உரியவர் கண்முன்னால் கோலை முறித்துப் போடுவார்கள். யாருடைய கையோ அவருக்குத்தான் அந்த வாசல் கட்டுப்படும் என்பது அவர்கள் கணக்கு.

உரியவரோ கடல் தாண்டிப் படுத்துக் கிடந்தார். பெட்டிகள் கப்பலேறிவிட்டன என்று மதாம் அவசரப்படுத்தினாள். சிகாமணி யோசித்தான், இது என்ன வீடா, ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய அலமாரி, அவ்வளவுதானே. அலமாரி என்றே டேப் வைத்துத் தட்டுகளை ஆரம்பித்தான். ஆனால் நிலைக்கு வந்தபோது டேப்பைத் தொடக் கை வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் லேசில் விடுமா? கிழக்கே பார்த்து நின்றான், தன் வலது கையையே நீட்டினான், ரீப்பரை வெட்டினான். அப்போதைக்குக் கைக்கு எட்டிய கை அதுதான். வெட்டிய பிறகு அடித்த தட்டுகளையும் பிரித்து, எல்லாவற்றையும் அந்தக் கோலுக்கே மாற்றினான்.

அதன் பிறகு அவன் கட்டியதை மரவேலை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். இடித்த வீட்டுப் பர்மா தேக்கை இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கினான். பாட்டில் படுக்கிற ஒவ்வொரு பொந்தும் அவன் மூடிய கை புகுந்து வருகிற அளவு. மேல்தட்டு அவன் விரல் நுனி எட்டுகிற உயரம். நடுவில் போட்ட முக்காலி அவன் முழங்கால் மடிகிற உயரம். வாசல் அவன் தலைக்கு மேல் நாலு விரல். நிலையின் மேற்சட்டத்துக்கு மட்டும், தன் வீட்டுக் கதவுக்கென்று பல காலமாகப் பரணில் வைத்திருந்த பலாப் பலகையைக் கொண்டுவந்து, அதில் திராட்சைக் கொடி செதுக்கினான். திராட்சை இலையை அவன் பார்த்ததில்லை, அதனால் பாகல் இலையைச் செதுக்கி அதிலிருந்து திராட்சைக் குலைகளைத் தொங்கவிட்டான். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் குலைகளைத் தொட்டுப் பார்த்தார்கள், சிலர் விரலை முகர்ந்தும் பார்த்தார்கள். தன் கையிலிருந்து இனி இப்படி ஒன்று வராது என்று சிகாமணிக்கே தெரிந்தது.

முசே வந்து இறங்கியது அவன் உள்ளே மாட்டிக்கொண்ட மறுநாள். அறையைப் பார்க்க ஆசையாக வந்தவர் வாசலிலேயே நெற்றியை டப்பென்று இடித்துக்கொண்டார். தேய்த்துக்கொண்டே உள்ளே குனிந்து வந்து, ஒவ்வொரு பொந்தையும் தடவிப் பார்த்து, கண் கலங்கி, சிகாமணியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். வெளியே போக முடியவில்லை முசே என்று அவன் சொன்னதும், அப்படியா என்று கவலையாகக் கேட்டுவிட்டு வெளியே போனார், போகும்போது இன்னொரு முறை இடித்துக்கொண்டார்.

பிறகு பெட்டிகள் வந்து பாட்டில்கள் பொந்துகளில் படுத்தன, ஊரும் வந்தது. ஆசாரிகள் நாலு பேர் அவனைக் கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். கட்டில் நடைக்குப் போய்ச் சேர்ந்தது, போர்வையும் சேர்ந்தது, அவன் மட்டும் அறைக்குள் தரையில் மல்லாந்திருந்தான். பின்சுவரில் ஆள் போகிற அளவுக்கு ஓட்டை போட்டார்கள்; ஓட்டை வழியே தோட்டத்துக்குக் குதித்தவன் வாசல் வழியே அறைக்குள் வந்து நின்றான், மதாம் அன்று சாயங்காலமே கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டையை அடைத்துவிட்டாள். காவல் நிலையத்திலிருந்து ஒரு ஏட்டு வந்து, கதவைப் பூட்டியது யார் என்று கேட்டார். யாரும் பூட்டவில்லை என்றார்கள். பூட்டாத கதவுக்கு என்ன வழக்குப் போடுவது என்று அவரும் போய்விட்டார். மாதாகோயில் சாமியார் தீர்த்தம் தெளித்தார், வந்த மரியாதைக்கு ஒரு கோப்பை ஒயின் குடித்தார், இன்னும் ஒரு தடவை தெளிக்க வேண்டியிருக்கும் என்று அடுத்த வாரமும் வந்தார். அங்காளம்மன் கோயில் பூசாரி கட்டிவிட்ட எலுமிச்சம்பழம் அந்தக் குளிரில் வாடவே இல்லை.

வாடாத பழத்தோடு ஊருக்கும் பழகிவிட்டது. ரேஷன் கடைக்காரர் கைரேகை வைக்கிற இயந்திரத்தை வாசற்படிவரை கொண்டுவந்து சிகாமணியின் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு போனார். முடிவெட்டுகிறவர் முக்காலியில் அவனை உட்கார வைத்து வெட்டினார், ஒயினில் மயிர் விழக்கூடாது என்று மதாம் துணியை விரித்துப் பிடித்தாள். அறையை ஒட்டிப் பழைய குளியல் அறை ஒன்று உள்பக்கமாகவே திறந்தது, அதனால் அந்தக் கவலையும் இல்லாமல் போனது. கால் உடைந்த நாற்காலிகள், பூட்டு ஏறாத பெட்டிகள், ஆடுகிற தொட்டில்கள் எல்லாம் நடை வழியே அவனைத் தேடி வந்தன. ஆசாரி எப்போது போனாலும் இருப்பார், முன்னெல்லாம் தேட வேண்டியிருந்தது என்று தெருக்காரர்கள் திருப்தியாகச் சொல்லிக்கொண்டார்கள். சோறு தின்னாத பிள்ளைகளை, ஆசாரி அறையில் விட்டுவிடுவேன் என்று மிரட்டினார்கள். இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு மனிதன் சுவரில் அடித்த ஆணியாகிவிடுவான் என்று சிகாமணி எதிர்பார்க்கவில்லை.

முசேவுக்கும் வசதியாகிவிட்டது. தலையை இடித்துக்கொண்டு உள்ளே போவானேன்? சாயங்காலமானால் நடையில் நின்று வாசல் வழியே கையை நீட்டுவார். எந்தப் பொந்தில் எது படுத்திருக்கிறது என்று அறிந்த சிகாமணி, கேட்ட பாட்டிலை அந்தக் கையில் வைப்பான். பிறகு முசே நடையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவனோடு பேசிக்கொண்டிருப்பார், அங்கே பெய்த பனியைப் பற்றி, ரயில்களைப் பற்றி, போன் பண்ணாத மகனைப் பற்றி. விருந்தாளிகள் வந்தால் டார்ச் அடித்து மேற்சட்டத்தைக் காட்டுவார், பிறகு அதே டார்ச்சைத் திருப்பிச் சிகாமணியைக் காட்டுவார். அவர்கள் பிரெஞ்சில் ஏதோ சொல்லுவார்கள். அது புகழ்ச்சி என்று சிகாமணிக்குப் புரியும், உண்மையைச் சொன்னால் பிடித்தும் இருந்தது.

பிடித்திருந்தது என்பதுதான் விஷயம். முசே கொடுத்த கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியுமாகத் தன் வேலையின் நடுவில் ராசா மாதிரி உட்கார்ந்து, இருக்கிற இடம் குளிர்ச்சி, சாப்பாடு வருகிறது, வேலை வருகிறது, என்ன குறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான், ராசவேலு சாகிற வரைக்கும். ராசவேலு அவனோடு சின்ன வயதிலிருந்து இழுப்பு ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவன். அவன் சவம் அந்தத் தெரு வழியாகத்தான் போனது. பறைச் சத்தம் கேட்டுச் சிகாமணி வாசலுக்கு ஓடினான், ஓடிய ஓட்டத்தில் உள்ளே வந்தான், மறுபடி ஓடினான், மறுபடி வந்தான்; மேளம் தெருமுனை திரும்பித் தேய்ந்து போகிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தான், ஓட ஓடப் பின்சுவர்த் தட்டுதான் முகத்துக்கு நேரே வந்தது. ஒரு பிடி வாய்க்கரிசி போட முடியவில்லையே என்று அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். பாட்டில்கள் பொந்துகளில் அமைதியாகப் படுத்திருந்தன. தானும் அவற்றில் ஒன்றுதான் என்று அன்றைக்கு அவனுக்குப் பட்டது. குளிர் எலும்பில் இறங்கியதும் அன்றிலிருந்துதான்.

அவன் மனைவி பூங்காவனம் தினமும் மதியம் பஸ் பிடித்துச் சோறு கொண்டுவருவாள். அவர்கள் வீடு அரியாங்குப்பத்து ஆற்றுக்கு அந்தக் கரையில், சவுக்குத் தோப்பைத் தாண்டி. அந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. நிலை இருந்தது, அதில் ஒரு சாக்குத் திரை தொங்கியது, இருட்டினால் ஒரு தகரத்தை எடுத்துச் சாத்திக் கல்லை முட்டுக் கொடுப்பாள். கதவு செய்கிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னவன்தான். ஒவ்வொரு முறை பலகை சேர்ந்தபோதும் யாராவது ஒரு நல்ல வேலையோடு வந்தார்கள், பலகை அந்த வேலைக்குப் போனது. ஒயின் அறையின் மேற்சட்டத்தைப் பார்த்த முதல்நாளே, அதன் ஓரத்தில் இருந்த கண்முடிச்சை வைத்து, இது நம் பரண் பலகை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோற்றை வைத்துவிட்டு, அந்தத் திராட்சைக் குலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி கடைசியில் கடலில் புயல் உருவானது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டின் எண் ஏறிக்கொண்டே போனது. ஆற்றுப் பாலத்தை மூடப்போகிறார்கள், கரையோரத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பூங்காவனம் அன்று காலையிலேயே வந்தாள், பெரிய தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டு; இது கெடாது, காற்று நிற்கிற வரைக்கும் வைத்துத் தின்னு என்றாள். நீ இங்கேயே இரு, மதாம் இடம் கொடுப்பாள் என்றான் சிகாமணி. ஆட்டையும் கோழியையும் விட்டுவிட்டா, திறந்த வீட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டா என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து முசே, புயலுக்குப் பாட்டில் பெட்டிகளை மேலே ஏற்ற வேண்டுமா என்று கேட்க உள்ளே வந்தார், டப்பென்று இடித்துக்கொண்டார், தேய்த்துக்கொண்டே திரும்பிப் போனார். பூங்காவனம் அவர் நெற்றியைப் பார்த்தாள். அதில் ஒரு தழும்பு நிரந்தரமாகக் கறுத்துப் போயிருந்தது. பிறகு அவர் இடித்துக்கொண்ட சட்டத்தைப் பார்த்தாள், அதன் கீழே நேராக நின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள், அவன் தலைக்கு மேல் தன் கையை வைத்து நாலு விரல் இடத்தை அளந்து பார்த்தாள்.

"அவரு வூட்டு ரூமு, அவருக்குத் தலை இடிக்குது. உனக்கு எங்கியுமே இடிக்கல. இது யாரு கைய்யா?"

சிகாமணி முக்காலியில் உட்கார்ந்தான். அது அவன் முழங்காலுக்குச் சரியாக இருந்தது.

"என் கைதான்" என்றான். "அவரு ஊர்ல இல்ல. நான் இத்த வெறும் அலமாரின்னு நெனச்சேன்."

"அப்போ இது உன் வூடு. அது உன்ன வுடமாட்டேங்குதுன்னு ஊரே சொல்லுது. நீதான் அத்த வுடல." தூக்கை நகர்த்தி வைத்தாள். "அப்போ அங்க நான் குந்தினு கீறது யாரு வூடு?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. வெட்டு என்று அவள் சொல்லவில்லை. ஆசாரி பெண்டாட்டிக்கு அளவு தெரியும், வாசலை உரியவர் அளவுக்குத் தூக்கினால் போதும் என்று தெரியும், வாசலைத் தூக்கினால் அந்தச் சட்டம் போய்விடும் என்றும் தெரியும். பாலம் மூடுமுன் போக வேண்டும் என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி, எல்லோரும் போவதுபோலப் போனாள்.

சிகாமணி ரம்பத்தை எடுத்தான். சட்டத்துக்கு நேராகப் பிடித்தான். பாகல் இலைகளின் நரம்புவரை அவன் செதுக்கியிருந்தான், ஒரு இலையில் புழு கடித்த ஓட்டைகூடப் போட்டிருந்தான், கை இறங்கவில்லை. முதலில் முக்காலியை மாற்றிப் பார்ப்போம் என்று முக்காலியின் கால்களுக்கடியில் கட்டை வைத்தான். மேல்தட்டை ஒரு பிடி உயர்த்திப் பார்த்தான். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு வாசலைத் தாண்டினான், ஒவ்வொரு தடவையும் உள்ளே வந்தான். சட்டத்தைத் தொடாமல் தப்பிக்க எத்தனை வழி உண்டோ அத்தனையையும் தேடினான். இதை வெட்டிவிட்டால் நான் யார், சிகாமணி என்று நாளைக்குச் சொல்ல என்ன இருக்கும் என்று வாய்விட்டே கேட்டான்.

மதியத்துக்கு மேல் மின்சாரம் போனது. குளிரூட்டியின் ரீங்காரம் நின்றது. அவன் உள்ளே மாட்டிய நாளிலிருந்து அது ஒரு நிமிடமும் நின்றதில்லை, அதனால் தெருவுக்கு அப்பாலிருந்து வந்த சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டது. காற்று ஊளையிட்டது, எங்கோ மரம் முறிந்தது, யார் வீட்டுக் கூரையிலோ ஒரு தகரம் ஆணி கழன்று படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. தகரத்தின் சத்தம் அவனுக்குத் தெரியும். தன் வீட்டு வாசலில் ஒரு கல் முட்டுக் கொடுத்திருக்கிற தகரத்தையும் அவனுக்குத் தெரியும். முசே, முசே என்று கத்தினான்.

முசே மெழுகுவத்தியோடு வந்தார், நடையில் நின்று, பழக்கத்தில் கையை வாசல் வழியே நீட்டினார். புயல் அடிக்கிற நேரம் ஒரு கோப்பை ஒயின் குடிக்க நல்ல நேரம்தான். சிகாமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான், ஒரு ரீப்பரை அதன்மேல் வைத்து முழங்கை எங்கே என்று தடவினான். என்ன செய்கிறாய் என்று கேட்டார் முசே. சொன்னான். முசே கையை இழுத்துக்கொண்டார்.

"உனக்கு இங்க என்னப்பா குறை?" என்றார். "இந்த மாதிரி ஒரு ரூம் பிரான்ஸ்ல கூட இல்ல. அந்தச் சட்டத்தை நீ வெட்டுவியா?"

"பூங்காவனம் அங்க தனியா கீறா முசே. என் வூட்டுக்குக் கதவு இல்ல."

முசே மெழுகுவத்தியைக் கை மாற்றிப் பிடித்தார். மெழுகு அவர் விரலில் வழிந்தது. "நீ போயிட்டா நான் யாருகிட்ட பேசுவேன்?" என்றார். அதைச் சொன்னதும் அவர் முகம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது. அறையையும் பாட்டிலையும் எண்ணி அவர் தயங்கவில்லை, இந்த மனிதன் போய்விடுவானே என்றுதான் தயங்கினார் என்பது அப்போதுதான் சிகாமணிக்கு விளங்கியது, அவனுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

பின்னாலிருந்து மதாம் செசீல் வந்து அவர் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டாள்.

"கையை நீட்டு, லெயோன்" என்று புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

முசே கிழக்கே பார்த்து நின்று வலது கையை நீட்டினார். சிகாமணி வாசலுக்குள்ளேயிருந்தபடி அளந்து புதுக் கோலை வெட்டினான், அந்தக் கோலை நிலையில் வைத்துக் குறி போட்டான், குறி திராட்சைக் கொடிக்கு மேலே விழுந்தது. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. இடது முனையில் ரம்பத்தை வைத்து இழுத்தான், வலது முனையில் வைத்து இழுத்தான், மறுமுனையில் ராசவேலு இருப்பதாக நினைத்துக்கொண்டு இழுத்தான். பலாமரத்தின் மஞ்சள் தூள் முகமெல்லாம் அப்பியது, கண்ணீரோடு சேர்ந்து வழிந்தது. சட்டம் கீழே விழுந்து, குலைகள் தெறித்து, நடைவரை உருண்டு ஓடின. மேலே அடைத்திருந்த பலகையையும் நெம்பி எடுத்தான். வாசல் பல் விழுந்த வாய் மாதிரி நின்றது.

முசே குனியாமல் உள்ளே வந்தார். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார், இடிக்கவில்லை என்றதும் திறந்தார், தன் உயரத்திலிருந்து அந்த அறையை முதல்முறையாகச் சுற்றிப் பார்த்தார்.

"மேல்தட்டுல இவ்வளவு தூசி இருக்கே சிகாமணி" என்றார்.

வீட்டுக்காரர் சொல்கிற மாதிரி இருந்தது அது. சிகாமணி தன் பழைய கோலைத் தொடையில் வைத்து அவர் கண்முன்னால் முறித்துப் போட்டான், பையைக்கூட எடுக்காமல் வாசற்படியைத் தாண்டினான். நடையில் சாரல் அடித்து ஈரமாக இருந்தது. அந்த ஈரம் காலில் பட்டது, அடுத்த காலிலும் பட்டது, மூன்றாவது எட்டு தெருக்கதவை நோக்கிப் போனது.

பாலத்தில் போலீஸ்காரர் மறித்தார். ஆசாரியல்லவா, நீ எப்படி வெளியே வந்தாய் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சிகாமணி பாலத்தைக் கடந்திருந்தான். சவுக்குகள் தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. வீட்டுக்குப் போனபோது கல் உருண்டு போயிருந்தது, தகரத்துக்கு உள்பக்கமாக முதுகைக் கொடுத்துப் பூங்காவனம் நின்றிருந்தாள், உள்ளே ஆடும் கோழிகளும் கட்டிலின்மேல் ஏறியிருந்தன. ஓரமாகத் தகரத்தைத் திறந்து அவன் நுழைந்ததும் அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள், அவன் முகத்திலிருந்த மஞ்சள் தூளைப் பார்த்தாள். அதை ஒரு விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"இந்தப் பக்கம் புடி" என்றாள்.

இருவரும் தகரத்துக்கு முதுகைக் கொடுத்துத் தோளோடு தோள் நின்றார்கள். காற்று தள்ளத் தள்ள நின்றார்கள், கால் மரத்துப் போகிற வரைக்கும் நின்றார்கள். அவன் வீட்டுக்கு அன்றைக்குக் கதவு இருந்தது, அது அவனேதான்.

புயல் போனபின் முசே தன் காலி மரப்பெட்டிகளை எல்லாம் அவன் பையோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார். கழுவி இழைத்தாலும் அவற்றில் சூடு போட்டுப் பதித்த பிரெஞ்சு எழுத்துகள் போகவில்லை, போகட்டும் என்று அவற்றையே அடுக்கிச் சிகாமணி கதவு செய்தான். முதலில் பூங்காவனத்தைக் கூப்பிட்டுக் கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னான். எனக்கு எதற்கு என்றாள், ஈரத்தலையை உதறிக்கொண்டே வலது கையை நீட்டினாள். குட்டையான கை அது, வளையல் தேய்ந்த தடத்தோடு. அந்தக் கையின் கணக்கில் பழைய நிலையைக் கழற்றிவிட்டுப் புதிது வைத்தான், கதவை மாட்டினான், அவள் கண்முன்னால் கோலை முறித்தான்.

ஊர் இதற்கும் பழகிவிட்டது. ஆசாரி வெளியே வந்துவிட்டாராம், இனி நாற்காலிக்கு அலைய வேண்டும் என்று அலுத்துக்கொண்டார்கள். முசே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார், கதவில் தலைகீழாகக் கிடந்த பிரெஞ்சைத் தலையைச் சாய்த்துப் படிப்பார், ஏறக்குறைய மண்டியிட்டுத்தான் உள்ளே வருவார். சிகாமணியோ தினமும் இடித்துக்கொள்கிறான். காலையில் போகும்போது இடிக்கும், சாயங்காலம் வரும்போது இடிக்கும், அவன் நெற்றியிலும் ஒரு கறுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. ரம்பம் பையிலேயே இருக்கிறது, மேலே ஒரு பிடி எடுத்துவிட அரை மணி நேர வேலை, ஏன் எடுக்கவில்லை என்று யாராவது கேட்டால் நெற்றியைத் தடவிக்கொண்டே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான்.

டப்பென்று சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து பூங்காவனம், "குனிஞ்சி வாய்யா" என்பாள். எப்போதும் இடித்த பிறகுதான் சொல்வாள்.